ராபர்ட் மாரிஸ்: கையெழுத்தே முதலாக

1781-இல் அமெரிக்கக் காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணத்தைப் பிலடெல்பியாக் கடைவீதியில் யாரும் வாங்கத் தயாராக இல்லை. அந்த மே மாதம் மக்கள் அந்த நோட்டுகளைத் தொப்பியில் செருகிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஒரு நாய்க்குத் தார் பூசி, அதன் உடம்பெங்கும் நோட்டுகளை ஒட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போனார்கள். அதே ஊரில், அதே ஆண்டில், ஒரு வணிகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டுகள் ரொக்கம்போல் கைமாறத் தொடங்கின. அரசாங்கத்தின் சொல்லை நம்பாதவர்கள் அந்த ஒரு மனிதரின் சொல்லை நம்பினார்கள்.

அவர் ராபர்ட் மாரிஸ் (1734–1806). கப்பல் வணிகராகத் தொடங்கி, விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில் நாட்டின் நிதி முழுவதையும் கையில் வைத்திருந்தவர். பிறகு பென்சில்வேனியாவின் முதல் செனட்டர்களில் ஒருவர். முடிவில் கடனாளிகள் சிறையில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தவர். சுதந்திரப் பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்புச் சட்டம் ஆகிய மூன்று ஆவணங்களிலும் கையொப்பம் இட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் கனெக்டிகட்டைச் சேர்ந்த ரோஜர் ஷெர்மன், மற்றவர் மாரிஸ். இருந்தும் வாஷிங்டன், ஜெபர்சன், ஹாமில்டன் என்று அடுக்கும் வரிசையில் மாரிஸின் பெயர் அரிதாகவே வருகிறது. அந்த மறதி நியாயமானதல்ல. யார்க்டவுனுக்குப் படை போனதற்கும் அமெரிக்காவில் முதல் வங்கி திறந்ததற்கும் அவர் இல்லாமல் கணக்கு எழுத முடியாது.

மாரிஸ் பிறந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில். அவருடைய தந்தையின் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான். லிவர்பூலின் கன்லிஃப் நிறுவனத்துக்காக அமெரிக்காவின் மேரிலாந்தில், ஆக்ஸ்போர்டு என்ற சிறு துறைமுகத்தில் தங்கிப் புகையிலை கொள்முதல் செய்துவந்தார் அவர். மகன் 13 வயதில் கடல் தாண்டித் தந்தையிடம் வந்து சேர்ந்தான். 1750-இல் ஒரு விபத்து நேர்ந்தது. கப்பலொன்று தந்தைக்கு மரியாதையாகப் பீரங்கி முழக்கியபோது, குண்டில்லாத பீரங்கியிலிருந்து தெறித்த அடைப்புப் பொதி அவருடைய கையைத் தாக்கியது. புண் புரையோடி அவர் இறந்துபோனார். மகனுக்கு அப்போது 16 வயது.

அதற்குள் பையன் பிலடெல்பியாவில் சார்லஸ் வில்லிங் என்ற பெரிய வணிகரின் கணக்குக் கூடத்தில் தொழில் பழகத் தொடங்கியிருந்தான். முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில் வெளிநாட்டில் மாவு விலை ஏறிய செய்தி காதில் விழ, ஊரில் கிடைத்த மாவையெல்லாம் பையன் ஒரே மூச்சில் வாங்கி அடைத்துவிட்டான் என்றும், மற்ற வணிகர்கள் கொதித்துப்போனார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1754-இல் சார்லஸ் வில்லிங் காலமானார். 1757-இல் அவருடைய மகன் தாமஸ், மாரிஸைச் சமபங்காளியாக ஏற்றுக்கொண்டு ‘வில்லிங் அண்டு மாரிஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். வில்லிங் நிதானமானவர். மாரிஸ் துணிந்து இறங்குகிறவர். இருவரும் சேர்ந்து பென்சில்வேனியாவின் மாவையும் மரத்தையும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அனுப்பினார்கள். சர்க்கரை, ரம், திராட்சை மது, துணிமணி என்று திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சரக்குகளில் மனிதர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏழாண்டுப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் வரத்து குறைந்தது. அந்த இடைவெளியில் வில்லிங் அண்டு மாரிஸ் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கி விற்றது. நிறுவனத்தின் மொத்த வணிகத்தில் அது சிறு பங்குதான். விற்கப்பட்டவர்களுக்கு அந்த அளவுக் கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மாரிஸின் வீட்டிலும் அடிமைகள் வேலை செய்தார்கள்.

அரசியலுக்குள் அவர் நுழைந்த வாசல் வரிப் பிரச்சினை. 1765-இல் பிரிட்டன் முத்திரைத்தாள் வரி விதித்தது. பத்திரம், செய்தித்தாள், கப்பல் சரக்குச் சீட்டு என்று எல்லாவற்றுக்கும் முத்திரைத்தாள் வேண்டும் என்றால் முதலில் அடிபடுவது வணிகர்கள்தாம். பிலடெல்பியா வணிகர்கள் பிரிட்டிஷ் பொருள்களை இறக்குமதி செய்வதில்லை என்று கையெழுத்திட்டார்கள். மாரிஸும் இட்டார். முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்டிருந்த ஜான் ஹியூஸ் என்பவரை நேரில் சந்தித்து, சட்டத்தை நடைமுறைப்படுத்தாதே என்று நெருக்கிய குழுவிலும் இருந்தார். ஆனாலும் அவர் கிளர்ச்சிக்காரர் அல்ல. 1769-இல் மேரி ஒயிட்டை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் ‘தி ஹில்ஸ்’ என்ற தோட்ட வீட்டை வாங்கி, கண்ணாடிக் கூடத்தில் எலுமிச்சையும் ஆரஞ்சும் வளர்த்தார். பிரிட்டனோடு சமரசமாகப் போய்விட்டால் நல்லது என்று நினைக்கும் வசதி அவருக்கு இருந்தது.

போர் மூண்டபோது அவர் பென்சில்வேனியாவின் பாதுகாப்புக் குழுவிலும், 1775 நவம்பரிலிருந்து காண்டினென்டல் காங்கிரஸிலும் அமர்ந்தார். வெடிமருந்து வாங்க வேண்டியிருந்தது. குடியேற்ற நாடுகளில் அது போதுமான அளவு உற்பத்தியாகவில்லை. ஐரோப்பிய, கரீபியத் துறைமுகங்களில் யார் ரகசியமாக விற்பார்கள், எந்தக் கப்பல் எந்தக் கொடியோடு போகலாம், விலைக்குப் பதில் எந்தச் சரக்கை அனுப்பலாம் என்பதெல்லாம் மாரிஸுக்கு அத்துபடி. காங்கிரஸின் ரகசிய வணிகக் குழு சீக்கிரமே அவர் தலைமைக்கு வந்தது. அந்தக் குழு கொடுத்த ஒப்பந்தங்களில் ஏறக்குறைய கால்பங்கு அவருடைய சொந்த நிறுவனத்துக்கே போனது. இன்றைய கண்ணுக்கு இது பச்சையான முறைகேடு. அன்றைக்கு அரசு ஊழியம் என்று தனியாக ஒன்று உருவாகியிருக்கவில்லை. கப்பலும் முகவர்களும் வெளிநாட்டில் பற்று வரவும் வணிகர்களிடம்தான் இருந்தன. என்றாலும் அதே காலத்தில் வாழ்ந்தவர்களுக்கே அது உறுத்தியது.

சுதந்திரம் வேண்டும் என்ற தீர்மானம் 1776 ஜூலை 2-ஆம் நாள் வாக்கெடுப்புக்கு வந்தது. காலம் இன்னும் கனியவில்லை, வெளிநாட்டுத் துணை கிடைக்கும்முன் அறிவிப்பது ஆபத்து என்பது மாரிஸின் கருத்து. அன்று அவரும் ஜான் டிக்கின்சனும் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள். அந்த விலகலால் பென்சில்வேனியாக் குழு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சுதந்திரத்தின் பக்கம் சாய்ந்தது. எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் மாரிஸின் தொழில் பங்காளி தாமஸ் வில்லிங். ஆகஸ்டு 2-இல் பிரகடனத்தில் கையொப்பமிடும் வேளை வந்தபோது மாரிஸ் தயங்கவில்லை. தன் யோசனையை அவை ஏற்கவில்லை என்பதற்காக நாட்டுப்பணியை விட்டுப் போகிறவன் நல்ல குடிமகன் அல்ல, தலைமை தாங்க முடியாவிட்டால் பின்தொடர வேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

அந்த டிசம்பரில் அவர் சொன்னதைச் செய்து காட்டினார். பிரிட்டிஷ் படை நெருங்கிவர, காங்கிரஸ் பால்டிமோருக்கு ஓடியது. மாரிஸ் பிலடெல்பியாவிலேயே தங்கினார். அவரும் வேறு இரண்டு உறுப்பினர்களும்தாம் அங்கே மிஞ்சியிருந்த அரசாங்கம். டெலவேர் ஆற்றின் மறுகரையில் டிரென்டன் வெற்றிக்குப் பிறகு வாஷிங்டன் வேறொரு நெருக்கடியில் நின்றார். ஆண்டின் கடைசி நாளோடு படைவீரர்கள் பலரின் ஒப்பந்தக் காலம் முடிகிறது. நிறுத்திவைக்க ஆளுக்குப் பத்து டாலர் வேண்டும். ஒற்றர்களுக்குக் கொடுக்க வெள்ளிக்காசு வேண்டும்; காகிதத்தை அவர்கள் வாங்கமாட்டார்கள். மாரிஸ் 410 ஸ்பானிய வெள்ளி டாலர்களையும், பிரெஞ்சு, ஆங்கில நாணயங்களாகத் தேறியதையும் பையில் கட்டி அனுப்பினார். 1777 புத்தாண்டு நாளில் 50,000 டாலர் காகிதப் பணமும் போய்ச் சேர்ந்தது. படை கலையவில்லை. ஜனவரி 3-இல் பிரின்ஸ்டனில் மீண்டும் வென்றது.

புகழோடு சந்தேகமும் வளர்ந்தது. போர்க்காலத்தில் விலைவாசி ஏறியபடி இருக்க, மாரிஸின் செல்வமும் ஏறியது. காங்கிரஸின் தலைவராக இருந்த ஹென்றி லாரன்ஸ் 1779-இல் அவர்மேல் முறைகேட்டுக் குற்றம் சாட்டினார். விசாரித்த குழு மாரிஸ் நேர்மையாகவே நடந்தார் என்றது. எழுத்தாளர் தாமஸ் பெய்ன் செய்தித்தாளில் அவரைத் தாக்கினார். அதே ஆண்டு பிலடெல்பியாவில் விலைக் கட்டுப்பாட்டுக் குழுவொன்று அவர் சரக்கைப் பதுக்குகிறார் என்று விசாரணைக்கு அழைத்தது. அக்டோபர் 4-ஆம் நாள் ஆயுதம் தாங்கிய கூட்டமொன்று வழக்கறிஞர் ஜேம்ஸ் வில்சனின் வீட்டைச் சூழ்ந்தது. வீட்டுக்குள் இருந்தவர்களில் மாரிஸும் ஒருவர். இரு பக்கமும் துப்பாக்கி வெடித்து, உயிர்ப்பலி நேர்ந்த பிறகே குதிரைப்படை வந்து கூட்டத்தைக் கலைத்தது. தாராளமாக விற்கவும் வாங்கவும் விட்டால்தான் சந்தைக்குச் சரக்கு வரும் என்பது மாரிஸின் நம்பிக்கை. ரொட்டி வாங்க வழியில்லாதவனுக்கு அந்த நம்பிக்கை எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அவர் யோசித்ததற்குச் சான்று இல்லை.

ஆனால் 1781-க்குள் காங்கிரஸுக்கு வேறு புகல் இல்லாமல் போயிற்று. சுமார் 20 கோடி டாலர் காகிதப் பணம் அச்சிட்டிருந்தார்கள். வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லை. மாநிலங்கள் தங்கள் பங்கைக் கொடுக்கவில்லை. 1780-இலேயே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று மதிப்பை இறக்கியும் பயனில்லை. 1781 பிப்ரவரி 20-ஆம் நாள் மாரிஸை நிதிக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நிபந்தனை போட்டார்: சொந்த வணிகத்தை விடமாட்டேன், பொதுப்பணத்தைக் கையாளும் யாரையும் நீக்கும் அதிகாரம் எனக்கு வேண்டும். காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. அதுவரை எந்த அமெரிக்கருக்கும் அவ்வளவு நிர்வாக அதிகாரம் கொடுக்கப்பட்டதில்லை. அவருக்குத் துணையாகக் கவர்னூர் மாரிஸ் வந்தார். பெயர் ஒத்திருந்தாலும் உறவினர் அல்லர். பிரான்ஸ் மேல் எழுதிய உண்டியல்களை விற்றுக் காசாக்க ஹைம் சாலமன் என்ற யூதத் தரகர் கிடைத்தார். போலந்திலிருந்து வந்தவர் அவர்.

மாரிஸின் முதல் வேலை படைக்குச் சோறு. பதவிப் பிரமாணம் எடுப்பதற்கு முன்பே, நியூ ஜெர்சியில் ஒருவருக்கும் நியூயார்க்கில் பிலிப் ஸ்கைலருக்கும் கடிதம் எழுதினார். ஆளுக்கு 1,000 பீப்பாய் மாவு உடனே வாங்கிப் படைக்கு அனுப்புங்கள், விலைக்கு நான் பொறுப்பு என்றார். அரசாங்கத்தின் பேரில் கேட்டிருந்தால் ஒரு பீப்பாய்கூட நகர்ந்திருக்காது. அடுத்து, ஊர் ஊராக அதிகாரிகளை வைத்துச் சரக்குப் பறிமுதல் செய்யும் முறையை நிறுத்திவிட்டு, ஏலம் கேட்டு ஒப்பந்தக்காரர்களிடம் விட்டார். பிறகு தம் பெயரிலேயே சீட்டுகள் வெளியிட்டார். தம் காசாளர் ஜான் ஸ்வான்விக் பணம் தரவேண்டும் என்று கட்டளையிட்டு, நீர்க்குறி பதித்த தாளில் மாரிஸ் கையெழுத்திட்ட புரோநோட்டுகள் அவை. தவணை நீண்டவற்றை ‘நெட்டை பாப்’ என்றும் குறுகியவற்றை ‘குட்டை பாப்’ என்றும் மக்கள் செல்லப்பெயரிட்டு அழைத்தார்கள். பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம்.

ஆகஸ்டு மாதம் வாஷிங்டனின் திட்டம் திடீரென்று மாறியது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸ் செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார் என்ற செய்தி கிடைத்தது. நியூயார்க்கைத் தாக்குவதை விட்டுவிட்டு, வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸை வளைக்க வேண்டும். பின்னாளில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர் இவர்தான். சுமார் 400 மைல் தொலைவு. வழிநெடுக மாவும் மாட்டிறைச்சியும் தீவனமும் வேண்டும். விரிகுடாவில் படகுகள் வேண்டும். படை பிலடெல்பியா வழியாகப் போகையில், வடமாநிலத்துப் படைவீரர்கள் ஒரு மாதச் சம்பளத்தையாவது வெள்ளியில் கொடுத்தால்தான் மேலே நடப்போம் என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வாஷிங்டன் மாரிஸுக்கு அவசரமாக எழுதினார். மாரிஸிடம் வெள்ளி இல்லை.

அவர் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் போய் 20,000 டாலர் கைமாற்றுக் கேட்டார். அக்டோபர் முதல் தேதி திருப்பித் தருவதாகத் தம் வாக்கைக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர்களின் பெட்டியிலேயே அதிகம் மிச்சமில்லை. இருந்தும் கொடுத்தார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள், மேரிலாந்தின் ஹெட் ஆஃப் எல்க் என்ற இடத்தில், வீரர்கள் கண்ணால் பார்க்கும்படி வெள்ளிக்காசுகளைப் பீப்பாயிலிருந்து கொட்டிச் சம்பளம் பட்டுவாடா செய்தார்கள். பலருக்கு அமெரிக்க அரசிடமிருந்து கையில் வாங்கிய முதல் உலோகக்காசு அதுதான். அக்டோபர் 19-இல் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். கடனை அடைக்க மாரிஸ் நம்பியிருந்தது, தூது போயிருந்த ஜான் லாரன்ஸ் பிரான்ஸிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய 25 லட்சம் லிவர் வெள்ளியை. அது மாட்டுவண்டிகளில் சுற்றுவழியாகப் பிலடெல்பியாவை அடைந்தபோது நவம்பர் ஆகிவிட்டது.

மாரிஸ் தம் சொந்தப் பணத்தில் போரை நடத்தினார் என்று பிற்காலத்தில் பாடப்புத்தகங்களில் எழுதிவைத்தார்கள். அது உண்மையல்ல. தனிமனிதர் எவராலும் அது முடிந்திருக்காது. பணம் பெரும்பாலும் பிரான்ஸின் கடன். அவர் கொடுத்தது அதைவிட அரிதான ஒன்று: பணம் வந்து சேரும் நாள்வரை எல்லோரையும் காத்திருக்க வைக்கும் பெயர்.

அந்தப் பெயரை நாட்டின் பெயராக மாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய உண்மையான திட்டம். காங்கிரஸ் 1781 டிசம்பர் 31-இல் ‘பாங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா’வுக்கு உரிமம் அளித்தது. 1782 ஜனவரி 7-இல் பிலடெல்பியாவின் செஸ்ட்நட் தெருவில் அது திறந்தது. தலைவர், பழைய பங்காளி தாமஸ் வில்லிங். மூலதனம் 4 லட்சம் டாலர் என்று திட்டமிட்டிருந்தார்கள். பொதுமக்கள் வாங்கிய பங்குகள் சுமார் 70,000 டாலருக்குத்தான் தேறின. மீதியை ஈடுகட்ட, பாஸ்டனிலிருந்து வந்த பிரெஞ்சு வெள்ளியில் சுமார் இரண்டரை லட்சம் டாலரை மாரிஸ் அரசின் பங்காகப் போட்டார். வங்கி உடனே அந்தப் பணத்தை அரசுக்கே கடனாகக் கொடுத்தது. அதே ஜனவரியில் பதின்மக் கணக்கில் நாட்டுக்குப் பொது நாணயம் வேண்டும் என்று காங்கிரஸுக்கு எழுதினார். 1782 ஜூலையில் பொதுக்கடன் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை அளித்தார். நிலவரி, தலைவரி, மதுவரி, இறக்குமதி மீது 5 சதவீதச் சுங்கம் ஆகியவற்றை நிரந்தர வருவாயாக வைத்துக்கொண்டு கடனுக்கு ஒழுங்காக வட்டி கட்டினால், அந்தக் கடனே நாட்டை ஒட்டவைக்கும் என்பது அதன் சாரம். எட்டு ஆண்டுகள் கழித்து ஹாமில்டன் நிறைவேற்றிய திட்டத்தின் எலும்புக்கூடு இதில் இருக்கிறது.

மாநிலங்கள் மசியவில்லை. சுங்கத்துக்குப் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ரோட் தீவு மறுத்தது, பின்னால் வர்ஜீனியாவும் பின்வாங்கியது. கட்ட வழியில்லாத கடனைப் பெருக்கும் அநியாயத்துக்குத் துணைபோகமாட்டேன் என்று 1783 ஜனவரியில் மாரிஸ் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ஆனாலும் படையைக் கலைக்கும் வேலை மிச்சமிருந்தது. சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போகச் சொன்ன வீரர்களுக்கு மூன்று மாதச் சம்பளமாவது கொடுக்க, சுமார் ஏழரை லட்சம் டாலருக்குத் தம் பெயரில் சீட்டுகள் எழுதினார். நாள்கணக்கில் உட்கார்ந்து கையெழுத்திட்டும் சீட்டுகள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. பல வீரர்கள் அதற்குள் வெறுங்கையோடு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சீட்டுகளைத் தீர்க்கும் பொறுப்பு இருந்ததால் 1784 நவம்பர்வரை அவர் அலுவலகத்தை விட்டு நகர முடியவில்லை.

இடையில் அவருடைய வணிகக் கண் கிழக்கே திரும்பியிருந்தது. பிரிட்டிஷ் துறைமுகங்கள் மூடிவிட்டதால் புதிய சந்தை தேவை. அவரும் கூட்டாளிகளும் முதலிட்ட ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ 1784 பிப்ரவரி 22-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. சீனாவில் மருந்தாக மதிக்கப்படும் ஜின்செங் வேர் சுமார் 30 டன் அதில் ஏற்றப்பட்டிருந்தது. ஆகஸ்டில் கான்டன் சேர்ந்து, தேயிலை, பட்டு, பீங்கானோடு அடுத்த ஆண்டு மே மாதம் திரும்பியது. சீனாவுக்குப் போன முதல் அமெரிக்கக் கப்பல் அது. 1785-இல் பிரான்ஸின் வரிக்குத்தகை நிறுவனத்தோடு, மூன்று ஆண்டுகளுக்கு 60,000 பெரும்பீப்பாய் புகையிலை தருவதாக ஒப்பந்தம் போட்டார். புகையிலை விவசாயிகள் ஒரே கொள்முதலாளியிடம் சிக்கிவிட்டதாகப் பாரிஸில் தூதராக இருந்த ஜெபர்சன் கடுமையாக எதிர்த்தார்.

1787-இல் அரசியலமைப்பு மாநாடு பிலடெல்பியாவில் கூடியபோது வாஷிங்டன் தங்கியது மாரிஸின் மார்க்கெட் தெரு வீட்டில். மாநாட்டுத் தலைவராக அவர் பெயரை முன்மொழிந்தவரும் மாரிஸே. அதற்குப் பிறகு அவர் அவையில் வாய் திறந்தது மிக அரிது. புதிய அரசின் முதல் நிதியமைச்சராக வாஷிங்டன் அவரைத்தான் அழைத்தார் என்றும், ஹாமில்டனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னார் என்றும் வாஷிங்டன் குடும்பத்தில் வழங்கிய செய்தி. 1789 முதல் 1795 வரை செனட்டராக இருந்தார். தலைநகரம் பத்து ஆண்டுகளுக்குப் பிலடெல்பியாவுக்கு வந்தபோது, தம் வீட்டைக் குடியரசுத் தலைவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார். வாஷிங்டனும் ஆடம்ஸும் அந்த வீட்டிலிருந்துதான் ஆண்டார்கள்.

செனட்டில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் அவர் நிலத்தில் இறங்கினார். தொடக்கம் அபாரம். நியூயார்க்கின் ஜெனெஸி பகுதியில் 12 லட்சம் ஏக்கருக்கு மேல் 30,000 பவுனுக்கு வாங்கி, ஓர் ஆண்டுக்குள் லண்டன் முதலீட்டாளர்களுக்கு 75,000 பவுனுக்கு விற்றார். அதற்கு மேற்கே வாங்கியதில் 33 லட்சம் ஏக்கரை ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்களின் ‘ஹாலந்து நிலக் கம்பெனி’ 1792–93-இல் எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் போரும் புரட்சியும் நடக்கையில் குடியேறிகள் வெள்ளமாக வருவார்கள், நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அடுத்துச் சேர்ந்த கூட்டாளிகள் இருவர். ஜான் நிகல்சன், பென்சில்வேனியாவின் கணக்குத் தலைவராக இருந்து பதவிநீக்க விசாரணையைச் சந்தித்தவர். ஜேம்ஸ் கிரீன்லீஃப், ஹாலந்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கடன் புரட்டித் தருகிறேன் என்ற இளைஞர். 1793 டிசம்பரில், காடாகவும் சேறாகவும் கிடந்த, புதிய தலைநகருக்கென ஒதுக்கிய வாஷிங்டன் நகரில் 6,000 மனைகளை மனைக்கு 80 டாலர் வீதம், ஏழு தவணையில் கட்டுவதாக வாங்கினார்கள். ஆண்டுக்கு 20 செங்கல் வீடு கட்டித்தரவும் ஒப்புக்கொண்டார்கள். 1795-இல் ‘வட அமெரிக்க நிலக் கம்பெனி’ தொடங்கினார்கள். ஆறு மாநிலங்களில் 60 லட்சம் ஏக்கர். 100 டாலர் பங்கு 30,000. ஆண்டுக்கு 6 சதவீத லாபம் நிச்சயம் என்ற உறுதி. அந்த உறுதிக்குப் பின்னால் இருந்தது மூவரின் கையெழுத்து மட்டுமே.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் புகுந்தது. டச்சுக் கடன் அத்தோடு நின்றது. கிரீன்லீஃப் ஏமாற்றிவிட்டார் என்று மற்ற இருவரும் அவருடைய பங்கை வாங்கினார்கள், அதையும் கடனில். மாரிஸ் எழுதிய சீட்டில் நிகல்சனும் நிகல்சன் எழுதிய சீட்டில் மாரிஸும் பின்புறம் கையெழுத்திட்டு, லட்சக்கணக்கில் காகிதத்தைச் சந்தையில் இறக்கினார்கள். டாலருக்கு 15 சென்ட் என்று அவை விலைபோயின. 1797-இல் இங்கிலாந்து வங்கியே தங்கம் தருவதை நிறுத்தியது. அட்லாண்டிக்கின் இருகரையிலும் ரொக்கம் வறண்டது. போர்க்காலத்தில் மாரிஸின் சீட்டுக்குப் பின்னால் பிரான்ஸின் வெள்ளியும் நகரும் சரக்கும் இருந்தன. இப்போது இருந்தது விற்காத காடு.

பிலடெல்பியாவில் எல்லோர் கண்ணிலும் பட்ட சாட்சி ஒன்று இருந்தது. தலைநகரத்தை வரைந்த பியேர் லான்ஃபானைக் கொண்டு 1794-இல் அவர் கட்டத் தொடங்கிய மாளிகை. பளிங்கு முகப்பு, வளைவு ஜன்னல்கள், செலவுக்கு எல்லையில்லாத கட்டடக் கலைஞர். கூரை முழுதாக முடியவில்லை. ‘மாரிஸின் மடமை’ என்று ஊரார் பெயரிட்டார்கள். அந்த நிலத்தைப் பின்னர் வாங்கியவர் மாளிகையை இடித்து, வரிசை வீடுகள் கட்டினார். இன்று அது பிலடெல்பியாவின் நகைக்கடைத் தெரு.

1797-இல் மாரிஸ் தி ஹில்ஸ் தோட்ட வீட்டுக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெளியே கடன் கொடுத்தவர்களும் காவலர்களும் புல்வெளியில் நெருப்பு மூட்டிக் காத்திருந்தார்கள். செனிகா பழங்குடியினரோடு நிலம் பற்றிப் பேசி முடிக்க வேண்டிய பிக் ட்ரீ ஒப்பந்தத்துக்குக்கூட அவரால் போக முடியவில்லை. மகன் தாமஸ் போனார். செனிகாத் தலைவர் ரெட் ஜாக்கெட் பேச்சை முறித்தபோது, தாமஸ் செனிகாப் பெண்களிடம் பரிசுகளோடு போய்ப் பேச்சை மீண்டும் தொடங்கவைத்தார். மேற்கு நியூயார்க்கின் பெரும்பகுதி ஒரு லட்சம் டாலருக்குக் கைமாறியது. செனிகாக்களுக்கு எஞ்சியது சுமார் 2 லட்சம் ஏக்கர். மாரிஸின் சூதாட்டத்தில் உண்மையான விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

1798 பிப்ரவரியில் அவர் கைதானார். ப்ரூன் தெருவின் கடனாளிகள் சிறையில் தம் அறைக்கு வாடகை கட்டித் தங்கினார். அந்த ஆண்டு மஞ்சள் காய்ச்சல் சிறைக்குள்ளும் புகுந்தது. காய்ச்சலுக்கு மகன் வில்லியமைப் பறிகொடுத்தார். மேரி நாள்தோறும் வந்து கூடவே சாப்பிட்டார். நவம்பர் 27-ஆம் நாள் சிறைக்கு விருந்துண்ண வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1800-இல் காங்கிரஸ் நாட்டின் முதல் திவால் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் 1801 ஆகஸ்டில் மாரிஸ் வெளியே வந்தார். ஒப்புக்கொண்ட கடன் ஏறக்குறைய 30 லட்சம் டாலர். நிகல்சன் அதற்கு முன்பே சிறையில் இறந்துவிட்டார்.

மீதி வாழ்க்கைக்கு ஆதாரம், கவர்னூர் மாரிஸ் ஹாலந்து நிலக் கம்பெனியோடு வாதாடி மேரிக்கு வாங்கித் தந்த ஆண்டுக்கு 1,500 டாலர். மாரிஸ் 1806 மே 8-இல் இறந்தார். உயிலில், தந்தையிடமிருந்து வந்த தங்கக் கடிகாரத்தை மூத்த மகனுக்கு எழுதிவைத்தார். மனைவி மக்களுக்கு விட்டுச்செல்ல வேறில்லையே என்ற வருத்தத்தையும் எழுதினார். பிலடெல்பியாவின் கிறிஸ்து ஆலயத்தில், மைத்துனர் பிஷப் வில்லியம் ஒயிட்டின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கணக்கு இரு பக்கமும் எழுதப்பட வேண்டியது. ரகசிய வணிகக் குழுவின் பற்று வரவை 1790-களின் நடுவில் முடித்தபோது, மாரிஸ்தான் நாட்டுக்குச் சுமார் 93,000 டாலர் பாக்கி என்று வந்தது, அவரும் ஒப்புக்கொண்டார். நிதிக் கண்காணிப்பாளராக இருந்த மூன்று ஆண்டுகளின் கணக்கிலோ ஆராய்ந்தவர்கள் குறை காணவில்லை. கறாராக எழுதிவைத்திருந்தார். பின்னாளில் அரசு அவருடைய முகத்தை 1,000 டாலர் நோட்டிலும் 10 டாலர் வெள்ளிச் சான்றிதழிலும் அச்சிட்டது. தலைநகரின் நாடாளுமன்றக் குவிமாடத்தில் ஓவியர் பிருமிடி 1865-இல் முடித்த ஓவியத்தில், வணிகத்தின் கடவுளான மெர்க்குரி அவரிடம் பணப்பையை நீட்டுகிறார்.

1781 முதல் 1784 வரையிலான அவருடைய அலுவலகத் தாள்களைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1973-இலிருந்து 1999 வரை ஒன்பது தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றில் உள்ள நிதி அலுவலக நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் பணம் கேட்டு வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்: சம்பளம் வராத அதிகாரிகள், மாவு கொடுத்துவிட்டு விலைக்கு அலையும் வணிகர்கள், கப்பல் தலைவர்கள். வந்தவர் யார், கேட்டது எவ்வளவு, கொடுக்க முடிந்ததா இல்லையா என்று ஒவ்வொரு நாளும் குறித்துவைத்திருக்கிறார்.